அப்பா துப்பிய மாத்திரைகள்

என் அப்பாவுக்கு எதுவும் அதுவாக இருக்கக் கூடாது. வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். பதினெட்டு நாள் போரில் சண்டை போட்ட ஐந்து சகோதரர்கள் ஆட்கள் இல்லை, ஐம்புலன்கள். எதிரே நின்ற நூறு பேரும் ஆட்கள் இல்லை, நூறு கெட்ட எண்ணங்கள். அவர்களைப் பெற்ற குருட்டு அரசன் அறிவில்லாத மனம். தேர் உடம்பு, குதிரைகள் ஆசைகள், கடிவாளம் புத்தி. இப்படியே போகும். தச்சநல்லூரில் எங்கள் தெருப் பெருமாள் கோயில் மண்டபத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் மார்கழிக் காலைகளிலும் இதைத்தான் பேசுவார். காசு வாங்க மாட்டார். சுண்டலும் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வருவார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குச் 'சார்வாள்' என்று பெயர்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கருகிப்போன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் வேலை. கருகிய மோட்டார் கருகிய மோட்டார்தான். அதற்குள்ளே தத்துவம் கிடையாது. அதனால் எனக்கும் அப்பாவுக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராது.

"கதை வெறும் தோலுலே. சுளை உள்ள இருக்கு. நீ தோலைத் தின்னுக்கிட்டுத் திரியுதே" என்பார்.

"தோலு இல்லாம சுளை எங்கன காய்ச்சுது?" என்பேன்.

என் மனைவிக்கு அவரிடம் என்னைவிட உரிமை அதிகம். சாப்பாடு போடும்போது, "மாமா, இந்தக் கத்தரிக்காய்க் கூட்டுக்கு ஏதும் தத்துவம் இருக்கா, இல்ல சும்மா சாப்பிடலாமா?" என்று கேட்பாள். அப்பா சிரித்துவிடுவார். நான் கேட்டால் சிரிக்க மாட்டார்.

போன வருடம் ஆவணியில் அவருக்கு முதுகு வலி வந்தது. ஐப்பசியில் எழுந்து நிற்க முடியவில்லை. புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது, அறுப்பதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'வலியில்லாமல்' என்ற வார்த்தையை அவர் இரண்டு தரம் சொன்னார். எனக்கு அதற்கு அர்த்தம் அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது.

முன்னறையில் கட்டில் போட்டோம். கார்த்திகை பிறப்பதற்குள் இடுப்புக்குக் கீழே தோல் கன்றிப்போய்ப் புண் வந்துவிட்டது. படுக்கைப் புண் என்று பெயர் சொல்லிவிடலாம். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு. பிறகு உள்ளங்கை அளவு குழி.

அந்தச் சமயத்தில்தான் அரிசிக்கடை அண்ணாச்சி பார்க்க வந்தார். எங்கள் தெரு முனையில் அரிசிக்கடை வைத்திருப்பவர். அப்பாவின் பேச்சு ஒன்றைக்கூட விட்டதில்லை, முதல் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தலையை ஆட்டுவார். அப்பாவைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல், "சார்வாள் அம்புப் படுக்கையிலல்லா கெடக்கிய" என்றார்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் இருட்டிக் கிடந்த முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் அவர் ஒரு நோயாளி. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். போரில் உடம்பெல்லாம் அம்பு தைத்து விழுந்த பாட்டனார், தரையில் படாமல் அந்த அம்புகளின் மேலேயே கிடந்தார். நினைத்தபோது சாகலாம் என்று வரம் வாங்கியவர். சூரியன் வடக்கே திரும்பும் தை மாதத்துக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அப்பா இதற்கும் அர்த்தம் வைத்திருந்தார். ஒவ்வொரு அம்பும் செய்த வினை. வலி என்பது வினை எரிகிற சூடு. முழுக்க எரிந்து தீர்ந்தால்தான் உயிர் லேசாகி மேலே போகும். இதை மண்டபத்தில் பல தரம் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள். அப்போது அவருக்கு ஒரு பல்வலிகூட இருந்ததில்லை.

வீட்டுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி வாரம் ஒரு தரம் வருவாள். வெயிலோ மழையோ ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மார்ஃபின் மாத்திரையும் கொண்டுவந்தாள்.

"நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. கட்டு மாத்துததுக்கு அரை மணி நேரம் முன்ன கண்டிப்பா குடுத்திருங்க. இல்லன்னா தாங்க மாட்டாவ" என்றாள். மலச்சிக்கல் வரும், அதற்கு ஒரு மருந்து என்று அதையும் தந்தாள். வாட்டர் பெட் வாங்கிப் போடச் சொன்னாள்.

வாங்கினேன். அப்பா அதில் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். மரக்கட்டிலும் கோரைப்பாயும்தான் வேண்டும் என்றார். மாத்திரையை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் நிம்மதியாகக் கடைக்குப் போய்விட்டேன். பிசான நெல் நடவு முடிந்து, மழைத்தண்ணீர் புகுந்த மோட்டார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆனால் கட்டு மாற்றும்போது அவர் துடித்தார். ஈரத் துணி பட்டாலே கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். கத்த மாட்டார். மூக்கு வழியாக ஒரு முனகல் வரும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நர்ஸுக்கு போன் போட்டேன். இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்றாள். கூட்டினேன். அப்படியும் துடித்தார்.

ஒரு மத்தியானம் என் மனைவி கடைக்கே வந்துவிட்டாள். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். பாதி கரைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன மாத்திரைகள்.

"மாமா துண்டைத் துவைக்கப் போட எடுத்தேன். மடிப்புக்குள்ள இருந்து விழுது" என்றாள். "ஒண்ணு விடாம துப்பியிருக்காவ."

கையிலிருந்த கம்பியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"இது என்னது?" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் அசரவில்லை. "என் வினையை நான் தீர்த்துக்கிடுதேன். நீ நடுவுல வராத."

"வினையாவது கினையாவது! அது புண்ணு. அழுகுன புண்ணு."

"பாட்டனாருக்கும் வைத்தியருங்க வந்தாங்கலே. அம்பைப் பிடுங்கி மருந்து போடுதோம்னாங்க. வேண்டாம், போயிட்டு வாங்கன்னு மரியாதை பண்ணி அனுப்பினாரு. கதை தெரியாம பேசாத."

அது உண்மை. கதையில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கும் தெரியும். கதையை வைத்து அவரிடம் ஜெயிக்க முடியாது. தலை தொங்கியபோது தலையணை கேட்டாரே என்றேன். பட்டுத் தலையணையை வேண்டாமென்று தள்ளிவிட்டு அம்பாலேயே தலையணை வைத்துக்கொண்டார் என்றார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாரே என்றேன். நானும் தண்ணீர் குடிக்கிறேனே என்றார். கடைசியில் அம்மாவின் கதையை எடுத்தேன்.

"அம்மைக்கு வயித்துல கட்டி வந்து துடிச்சப்ப என்ன செஞ்சிய? ஊசியைப் போடுங்க, ஊசியைப் போடுங்கன்னு டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்கல்லா? அவளுக்கு மட்டும் வினை எரிய வேண்டாமா?"

அப்பா சொன்னார்: "அவளுக்குத் தத்துவம் தெரியாதுலே. தெரியாதவளுக்கு மருந்து. தெரிஞ்சவனுக்குப் பொறுமை."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மட்டும் எழுந்து நிற்கிற நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. வாசலில் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம் நிலைமை மோசமானது. அப்பா வாயாலேயே மாத்திரைச் சங்கதியைக் கேட்டுக்கொண்டு, அண்ணாச்சி போய் மண்டபத்தில் சொல்லியிருக்கிறார். சார்வாள் மாத்திரையைக்கூடத் தொடுவதில்லை, தைக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. நாலைந்து பேராக வர ஆரம்பித்தார்கள். பழம் கொண்டுவந்து காலடியில் வைத்தார்கள். அம்புகளின் மேல் கிடந்தபடியே பாட்டனார் அரசனுக்குத் தர்மங்களை எல்லாம் உபதேசம் செய்தார் அல்லவா, அதே மாதிரி அப்பாவும் ஏதாவது சொல்வார் என்று அவர்களுக்கு ஆசை. அப்பாவும் வலியோடு சொல்லப் பார்ப்பார். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கும். முனகல் வரும். ஒரு நாள் நான் உள்ளே வரும்போது அண்ணாச்சி செல்போனை அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பதிவானதெல்லாம் முனகல்தான்.

"ஓம்னு சொல்லுதாவ, கேக்குதா?" என்று அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க" என்றேன்.

"என்ன தம்பி?"

"எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க. அவரு ஓம்னு சொல்லல. உயிரு போகுதுங்காரு. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போயி வீட்டுல வச்சுக் கேக்கப் போறியளா? உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா, இல்லையா?"

பழத்தையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். பேசிய விதம் சரியில்லை என்று மனைவி பிறகு சொன்னாள். சரியில்லைதான். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய சபையைக் கலைத்துவிட்டேன் அல்லவா. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் கட்டு மாற்ற வேண்டும். வெந்நீர், பஞ்சு, மருந்து எல்லாம் எடுத்துவைத்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பழைய துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. நனைத்து நனைத்துப் பைய எடுத்தேன். அப்படியும் சதையோடு கொஞ்சம் வந்தது. அவர் உடம்பு வில் மாதிரி வளைந்தது. என் கையும் நடுங்கியது. அதோடு நிறுத்திவிட்டேன். கதையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பா, உங்களைக் குத்துதது அம்பு இல்ல. என் கை. தினமும் காலைல கை கழுவிட்டு வந்து நான்தான் உங்களைக் குத்துதேன். மாத்திரையைப் போட்டா உங்களுக்கு வலிக்காதுன்னு தெரிஞ்சே குத்துதேன். உங்க வினை இப்படித் தீரும்னே வச்சுக்கிடுங்க. பெத்த அப்பனைத் தினமும் துடிக்கத் துடிக்கக் குத்துத வினை எனக்குச் சேருமா, சேராதா? அதை நான் எங்கன போயித் தீர்க்க?"

அவருக்கு மூச்சு வேகமாக வந்தது. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"உங்க கதையில அவரைச் சுத்திக் குழி வெட்டிக் காவல் போட்டாங்கன்னு சொல்லுவிய. புண்ணைத் துடைச்சது யாருன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியளா? அங்கன ஒருத்தன் நின்னுருப்பான்லா?"

எப்படியோ கட்டைப் போட்டு முடித்தேன். கடைக்குப் போனேன். அன்றைக்குச் சுற்றிய காயில் சரியாக வரவில்லை, அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

அடுத்த நாள் காலையில் வெந்நீர் எடுக்க அடுக்களைக்குள் போனபோது முன்னறையில் அப்பாவின் குரல் கேட்டது. என் மனைவியைக் கூப்பிடுகிறார்.

"தாயி, அந்த மாத்திரையைக் கொண்டா."

அவள் ஓடினாள். நான் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"எனக்கு இல்லம்மா" என்றார். "அந்தப் பயலுக்கு. அவன் கை நடுங்குது."

மாத்திரையை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு அவராகவே வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்கோ. துப்பல."

அரை மணி நேரம் கழித்துக் கட்டு மாற்றினேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடிக்கவில்லை. பாதியில் தூங்கிவிட்டார்.

நான் ஜெயித்தேன் என்று எழுத மாட்டேன். வலி வெறும் வலிதான் என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கணக்கில் அவர் தன் வினையைப் பாதியில் நிறுத்திவைத்துவிட்டார், மகனுக்காக. அப்படித்தான் அவர் நினைத்திருப்பார். அது எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. மாத்திரை உள்ளே போனதே, அது போதும் என்று இருந்தேன். வாட்டர் பெட்டிலும் படுத்தார். அது அசையும்போது, "என்னலே இது, பாவநாசம் டேம்ல மிதக்குத மாதிரி இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். கடையில் என்ன வேலை என்று கேட்டார். என் வேலையைப் பற்றி அவர் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும். மேலக் கரை வயலிலிருந்து வந்த மோட்டார், எலி கடித்து ஒயர் கருகிவிட்டது என்றேன். எலி ஆசை என்றோ, ஒயர் நாடி என்றோ ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "எலித் தொல்லை இந்த வருஷம் ஜாஸ்தியோ?" என்று மட்டும் கேட்டார்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தோம். அவர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கால் மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"மழை பெய்யுதுலே" என்றார்.

மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பகலில், தூக்கத்திலேயே போய்விட்டார். தை பிறக்க நாள் இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தது. சபைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்களை நான் அன்றைக்கு அப்படி அனுப்பியிருந்தும் வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிட்டாங்க. இல்லன்னா தை வரைக்கும் பிடிச்சு நிறுத்தியிருப்பாவ. தட்சிணாயனத்துல போகும்படி ஆயிட்டே."

அரிசிக்கடை அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். மண்டபத்தில் ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

நான் எழுந்து போகப் பார்த்தேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வேண்டாம். மாமாவைத் தூக்கப் போறாங்க" என்றாள். ஆற்றங்கரையில் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம். அந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. எங்கள் வாசலில் மட்டும் கோலம் இல்லை.

அண்ணாச்சியோடு நான் பேசுவதில்லை. அரிசிகூட ஜங்ஷன் பக்கம் போய் வாங்கினேன். பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரம், அவர் என் கடைக்கு வந்தார். மோட்டார் எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். நான் காயிலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"தம்பி, சார்வாளைப் பாக்க ஒரு நர்ஸம்மா வருமே..."

"ஆமா."

"அது நம்பர் இருக்கா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"வீட்டுல அவளுக்கு மாருல கட்டி. ரெண்டு தரம் ஆபரேஷன் ஆச்சு. இப்ப கைக்கும் பரவிட்டுன்னுட்டாங்க. படுக்க முடியல, உக்கார முடியல." செருமிக்கொண்டார். "நான் எல்லாம் எடுத்துச் சொல்லிப் பாத்தேன், சார்வாள் சொன்ன மாதிரியே. அவளுக்குத் தத்துவமெல்லாம் தெரியாதுல்லா. வலிக்குது, வலிக்குதுங்கா. அதையேதான் சொல்லுதா."

"தெரிஞ்சவருக்கும் வலிச்சுது, அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. தரையில் கிடந்த கம்பித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலில் தலை ஆட்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனியில் நின்றது. செல்போனை எடுத்து நர்ஸின் நம்பரைத் தேடினேன்.

"குறிச்சுக்கிடுங்க" என்றேன். அவர் எண்களை மாற்றி மாற்றி அழுத்தியதால் நானே அவர் போனை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். "வாட்டர் பெட் எங்க மச்சுல கெடக்கு. பையனை அனுப்பி எடுத்துக்கிடுங்க. கட்டு மாத்துததுன்னா அரை மணி நேரம் முன்ன மாத்திரையைக் குடுத்திரணும். விழுங்கினாங்களான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க."